ஒரு நிலக்கரிக் கப்பல் வராததால் மூழ்கிய வெள்ளிச் சுரங்கம்: சுப்பீரியர் ஏரிக்குள் 16 ஆண்டுகள் நடந்தது என்ன?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சுப்பீரியர் ஏரிக்கு நடுவே ஒரு சின்னப் பாறைத் திட்டு இருக்கிறது. எந்தப் பக்கம் அளந்தாலும் 100 அடி தேறாது. தண்ணீருக்கு மேலே தெரிந்த உயரம் வெறும் 8 அடி. கொஞ்சம் பெரிய அலை அடித்தாலே பாறை முழுசும் நனைந்துவிடும். பெயர் சில்வர் ஐலெட். தமிழில் சொன்னால் வெள்ளித் திட்டு.

இந்தப் பாறைக்கு அடியில்தான் 19ஆம் நூற்றாண்டில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரு வெள்ளிச் சுரங்கம் இயங்கியது. ஏரியின் அலையைத் தடுத்து, கசியும் தண்ணீரை ராத்திரி பகல் பார்க்காமல் இறைத்து, 384 மீட்டர் ஆழம் வரை தோண்டினார்கள். கடைசியில் ஒரு குளிர்காலத்தில் நிலக்கரி வந்து சேரவில்லை. பம்பு நின்றது. சுரங்கம் மூழ்கியது.

ஏரிக்குள் வெள்ளி எப்படி வந்தது? தண்ணீருக்கு நடுவே சுரங்கம் தோண்டியது எப்படி? அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு பார்வையில்

• இடம்: சுப்பீரியர் ஏரியின் வடகரை. இன்றைய தண்டர் பே நகருக்குக் கிழக்கே, சிப்லி தீபகற்பத்தின் முனை

• வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு: 1868

• சுரங்கம் மூழ்கிய ஆண்டு: 1884

• அதிகபட்ச ஆழம்: 384 மீட்டர், அதாவது சுமார் 1,260 அடி

• எடுத்த வெள்ளியின் மதிப்பு: அன்றைய கணக்கில் 32.5 லட்சம் டாலர்

வெள்ளி அங்கே எப்படி வந்தது?

இதற்குப் பதில் தெரிய 110 கோடி ஆண்டுகள் பின்னால் போகணும்.

அப்போது வட அமெரிக்கக் கண்டம் நடுவில் இரண்டாகப் பிளக்கத் தொடங்கியது. பூமிக்குள் இருந்து எரிமலைக் குழம்பு கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்தப் பிளவு முழுசாக நடந்திருந்தால் இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு கடல் இருந்திருக்கும். ஆனால் ஏதோ ஒரு கட்டத்தில் பிளவு நின்றுவிட்டது. மேலே கொட்டிய குழம்பு இறுகிப் பாறையாகி, அதன் எடை தாங்காமல் நடுப்பகுதி ஒரு தொட்டி மாதிரி கீழே அமுங்கியது.

அந்தத் தொட்டியைப் பிற்காலத்துப் பனியுகங்களில் பிரம்மாண்டமான பனிப்பாளங்கள் மேலும் சுரண்டி ஆழப்படுத்தின. பனி உருகித் தண்ணீர் நிறைந்தது. அதுதான் இன்றைய சுப்பீரியர் ஏரி. சுமார் 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. பரப்பளவில் உலகிலேயே பெரிய நன்னீர் ஏரி இதுதான்.

இப்போது வெள்ளி விஷயத்துக்கு வருவோம். சில்வர் ஐலெட் பகுதியில் அடியில் இருப்பது களிமண் இறுகி உருவான பழைய ஷேல் பாறை. அடுக்கடுக்காகப் பிரியும், கறுப்பு நிறம், வயது சுமார் 180 கோடி ஆண்டுகள். கண்டம் பிளந்தபோது மேலே வந்த குழம்பின் ஒரு பகுதி, இந்த ஷேல் பாறையில் இருந்த வெடிப்புகளுக்குள் புகுந்து அப்படியே இறுகியது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் மண்ணுக்குள் நட்டு வைத்த கருங்கல் சுவர் போல இருக்கும். இதைப் புவியியலில் 'டைக்' என்று சொல்வார்கள்.

அதற்குப் பிறகு இன்னொரு விரிசல் விழுந்தது. அது இந்தக் கருங்கல் சுவரைக் குறுக்கே வெட்டி, சுவரின் இரு பக்கத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டது. அந்த விரிசலுக்குள் பூமியின் ஆழத்தில் இருந்து சூடான உப்புத் தண்ணீர் ஏறியது. அது வெறும் தண்ணீர் இல்லை. வெள்ளி, ஈயம், துத்தநாகம், நிக்கல், கோபால்ட் எல்லாம் அதில் கரைந்திருந்தன. தண்ணீர் ஆறியதும் அதில் இருந்தவை விரிசலின் சுவர்களில் படிந்தன. வெந்நீர் போடும் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளையாக உப்புப் படியும் இல்லையா? கிட்டத்தட்ட அதே கதைதான். கால்சைட், குவார்ட்ஸ் போன்ற வெள்ளைக் கனிமங்கள் விரிசலை நிரப்பின. இப்படி நிரம்பிய விரிசலைத்தான் தாது நரம்பு என்கிறோம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏன்?

சில்வர் ஐலெட்டின் சுவாரசியமே இங்கேதான் இருக்கிறது.

தாது நரம்பு நீளமாகப் போகிறது. ஆனால் அது ஷேல் பாறை வழியாகப் போகும் இடங்களில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வெள்ளி இல்லை. அந்தக் கருங்கல் சுவரை வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் மட்டும் வெள்ளி கொட்டிக் கிடந்தது. அதாவது இரண்டு கோடுகள் சந்திக்கிற ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் ஏரிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த பாறைத் திட்டு.

இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, பாறையின் குணம். ஷேல் மென்மையானது. அதில் விரிசல் விழுந்தால் நசுங்கி மூடிக்கொள்ளும். கருங்கல் போன்ற டைக் பாறை உடைந்தால் இடைவெளி அப்படியே திறந்து நிற்கும். தாதுத் தண்ணீர் ஓடவும் தேங்கவும் இடம் கிடைக்கும். இரண்டாவது, வேதியியல். இந்தச் சந்திப்பில் கிராஃபைட் கிடைத்தது. நம்ம பென்சிலில் இருக்கும் அதே கார்பன்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் வெள்ளியைக் கார்பன் உலோகமாக மாற்றிப் படிய வைக்க உதவும்.

அதனால்தான் இங்கே பெரும்பகுதி வெள்ளி சொக்க வெள்ளியாகவே கிடைத்தது. பாறைக்குள் கம்பி கம்பியாக, தகடு தகடாக. மீதி, கந்தகத்தோடு சேர்ந்த கறுப்புத் தாதுவாக இருந்தது.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பழைய கண்டப் பிளவு. வெள்ளிக்கு மேலே ஏரியைக் கொண்டுவந்து வைத்ததற்கும் அதே பிளவுதான் காரணம். புதையலும் அதைக் காக்கும் பூதமும் ஒரே வயிற்றில் பிறந்த கதை. அடுத்த 16 ஆண்டுகள் சுரங்கக்காரர்கள் போராடியது இந்த இரண்டோடும்தான்.

யார் கண்டுபிடித்தது?

மான்ட்ரியல் மைனிங் கம்பெனி என்ற நிறுவனம், செம்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 1840களிலேயே இந்தக் கரையில் பெரிய அளவில் நிலம் பிடித்து வைத்திருந்தது. 1868 கோடையில் தாமஸ் மெக்ஃபார்லேன் என்ற புவியியலாளர் தலைமையில் ஒரு குழுவை அங்கே அனுப்பியது.

குழுவினர் திட்டில் இறங்கியபோது பாறையில் வெள்ளைத் தாது நரம்பும், அதில் ஈயத் தாதும் தெரிந்தன. நரம்பைத் தொடர்ந்து பார்த்தால் அது தண்ணீருக்குள் இறங்குகிறது. அங்கே, கால் மறைகிற ஆழத்தில், கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். உடைத்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று வெள்ளி.

வெள்ளி ஏன் கறுப்பாக இருந்தது என்று கேட்கலாம். வீட்டில் பழைய வெள்ளிக் கொலுசு, குங்குமச் சிமிழ் எல்லாம் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கந்தகம் பட்டால் வெள்ளியின் மேல்பரப்பு கறுக்கும். அதே வேலைதான் ஏரிக்குள்ளும் நடந்திருந்தது.

உறைய வைக்கும் குளிர் தண்ணீரில் நின்றுகொண்டு, கடப்பாரையால் பெயர்த்தே அவர்கள் முதல் தாதுவை எடுத்தார்கள். ஆனால் கொஞ்ச நாளில் ஒன்று புரிந்துவிட்டது. இது சின்னக் கம்பெனி செய்யக்கூடிய வேலை இல்லை. ஏரியைத் தடுத்து நிறுத்த ஆகும் செலவை யார் போடுவது? 1870இல் மான்ட்ரியல் கம்பெனி தன் நிலங்களை 2,25,000 டாலருக்கு ஓர் அமெரிக்கக் குழுவிடம் விற்றுவிட்டது. அந்தக் குழுவின் முக்கியப் புள்ளி அலெக்சாண்டர் சிப்லி. சுரங்கத்தை நடத்த வந்தவர் வில்லியம் பெல் ஃப்ரூ.

ஏரியைத் தடுத்தது எப்படி?

1870 செப்டம்பரில் ஃப்ரூ சுமார் 30 ஆட்களோடும், மிதவையாகக் கட்டி இழுத்து வந்த மரங்களோடும் வந்து இறங்கினார். முதல் வேலை சுரங்கம் இல்லை, சுவர்.

பெரிய மரக்கட்டைகளை அடுக்கி, இரும்புக் கம்பிகளால் இறுக்கி, கூண்டு மாதிரி செய்தார்கள். அதைத் தண்ணீரில் இறக்கி உள்ளே கல்லைக் கொட்டினார்கள். இப்படி வரிசையாகக் கூண்டுகள் வைத்தால் அது அலைத் தடுப்புச் சுவர். அதற்கு உட்புறம், தாது நரம்பைச் சுற்றி, தண்ணீர் புகாதபடி இன்னொரு வளையத் தடுப்பு. வளையத்துக்குள் இருக்கும் தண்ணீரை இறைத்தால் ஏரியின் தரை தெரியும். அங்கிருந்துதான் தோண்ட முடியும்.

கட்டியதும் ஏரி சும்மா இருந்ததா? அதே அக்டோபரில் வந்த புயல், போட்ட வேலையில் பெரும் பகுதியை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டினார்கள். குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் வந்து இடித்தன. திரும்பக் கட்டினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் சுவர் முன்பைவிட அகலமானது. சுரங்கத்தில் இருந்து வெளியே வந்த கழிவுக் கல்லே சுவருக்குள் போனது. ஒரு கட்டத்தில் திட்டின் பரப்பு இயற்கையாக இருந்ததைவிட 10 மடங்குக்கும் மேல் பெரிதாகிவிட்டது.

அந்தச் செயற்கைத் தீவின் மேல் சுரங்க வாய்க் கட்டடம், நீராவி இன்ஜின் கொட்டகை, பட்டறை, தொழிலாளர் தங்கும் விடுதிகள், கலங்கரை விளக்கம் எல்லாம் நெருக்கி நெருக்கிக் கட்டப்பட்டன. சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, எதிர்க்கரையில் ஓர் ஊரே உருவானது. கடை, தேவாலயம், சிறை, ஒரே தெருவில் வரிசையாக மர வீடுகள்.

உள்ளே வேலை எப்படி நடந்தது?

முதலில் நேர்கீழாக ஒரு குழி. இதை ஷாஃப்ட் என்பார்கள். குறிப்பிட்ட ஆழத்துக்கு ஒரு முறை, அதில் இருந்து பக்கவாட்டில் தாது நரம்பைத் தொடர்ந்து சுரங்கப் பாதை போடுவார்கள். ஒவ்வொரு பாதையும் ஒரு மாடி மாதிரி. கட்டடம் மேலே வளரும், சுரங்கம் கீழே வளரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு மாடிக்கு நடுவே இருக்கும் தாதுவைக் கீழிருந்து மேலாக உடைப்பது வழக்கம். உளியைப் பாறையில் வைத்துச் சுத்தியலால் அடித்துத் துளை போடுவார்கள். துளையில் வெடிமருந்தை வைத்து வெடிப்பார்கள். உடைந்த கல் தானாகவே கீழ்ப்பாதைக்கு விழும். அங்கிருந்து ஷாஃப்ட்டுக்குத் தள்ளி, நீராவி இன்ஜினால் மேலே இழுப்பார்கள். வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி.

மெழுகுவத்தியோடு போவதில் ஓர் ஆபத்து இருந்தது. கீழ் மாடிகளில் சில இடங்களில், பாறைப் பொந்துகளில் எரியக்கூடிய வாயு அடைந்து கிடந்தது. துளை போட்டதும் வாயு பீய்ச்சி அடித்துத் தீப்பிடித்த சம்பவங்களும் நடந்தன. நிலக்கரிச் சுரங்கத்தில் இது சகஜம். வெள்ளிச் சுரங்கத்தில் அபூர்வம்.

வெள்ளியும் ஒரே சீராகக் கிடைக்கவில்லை. மேல் மாடிகளில் அள்ள அள்ள வந்த செல்வம், கீழே போகப் போக மெலிந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, 1878இல் இன்னொரு வளமான பகுதி தட்டுப்பட்டது. சுரங்கத்துக்கு மறுபடி உயிர் வந்தது. ஆனால் அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான்.

கல்லில் இருந்து வெள்ளி: பிரித்தது எப்படி?

மேலே வந்த கல்லை முதலில் கையால் பிரிப்பார்கள். கண்ணுக்கே வெள்ளி தெரிகிற கல் தனி. அதை அப்படியே கப்பலில் ஏற்றி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த வயண்டாட் உருக்காலைக்கு அனுப்பினார்கள்.

உருக்காலையில் நடப்பது பழங்காலத்து முறைதான். வெள்ளித் தாதுவை ஈயத்தோடு சேர்த்து உருக்கினால், ஈயம் வெள்ளியைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கலவையைக் காற்று படும்படி மறுபடி காய்ச்சினால், ஈயம் ஆக்சைடாக மாறிப் பிரிந்துவிடும். வெள்ளி காற்றோடு சேராது. கடைசியில் சொக்க வெள்ளி மட்டும் மிஞ்சும்.

சரி, வெள்ளி குறைவாக இருக்கும் கல்லை என்ன செய்வது? அதையும் கப்பலில் ஏற்றினால் கூலிக்கே கட்டாது. அதனால் கரையில் இடிப்பாலை கட்டினார்கள். கனமான இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்று கல்லை இடித்துப் பொடியாக்கும்.

அந்தப் பொடியில் இருந்து வெள்ளித் துகளைப் பிரிக்க ஃப்ரூ ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். லேசான சரிவில் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும் ரப்பர் பட்டை. அது பக்கவாட்டில் ஆடிக்கொண்டும் இருக்கும். மேலிருந்து தண்ணீர் மெல்ல வழியும். கனமான தாதுத் துகள் பட்டையோடு ஒட்டி மேலே போய்விடும். லேசான மணல் தண்ணீரோடு கீழே வழிந்துவிடும். நம்ம ஊரில் முறத்தில் புடைப்பது மாதிரிதான், இங்கே காற்றுக்குப் பதில் தண்ணீர். 'ஃப்ரூ வேனர்' என்ற இந்தக் கருவி பிறகு பல நாட்டுச் சுரங்கங்களில் பயன்பட்டது. சுரங்கம் போன பிறகும் நிலைத்த சொத்து இது.

அந்த மண் யாருடையது?

இந்தக் கரை ஓஜிப்வே பழங்குடி மக்களின் பூர்வீக நிலம். சில்வர் ஐலெட்டுக்கு மேலே நீண்டு கிடக்கும் மலை, ஒரு மனிதன் மல்லாந்து படுத்திருப்பது போலத் தெரியும். பெயர் 'ஸ்லீப்பிங் ஜெயன்ட்', உறங்கும் பூதம். அவர்தான் நானாபிஜூ என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. வெள்ளி இருக்கும் ரகசியத்தை அவர் தன் மக்களுக்குச் சொன்னாராம். வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தால் நான் கல்லாகிவிடுவேன் என்று எச்சரித்தாராம். ரகசியம் வெளியானது, அவர் கல்லானார் என்று கதை முடிகிறது.

கதையை விட்டுவிட்டு வரலாற்றைப் பார்த்தால் அது இன்னும் கனமானது. தங்கள் நிலத்தில் கேட்காமல் சுரங்கம் தோண்டுகிறார்கள் என்று ஏரிக்கரைப் பழங்குடி மக்கள் 1840களில் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1849இல் மிக்கா பே என்ற இடத்தில் இருந்த ஒரு சுரங்கத்தையே கைப்பற்றினார்கள். அதைத் தொடர்ந்து 1850இல் ராபின்சன் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. சில்வர் ஐலெட் இருக்கும் வடகரை, ராபின்சன் சுப்பீரியர் ஒப்பந்தப் பகுதிக்குள் வருகிறது.

ஒப்பந்தப்படி பழங்குடி மக்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தரப்படும். நிலத்தில் இருந்து அரசுக்கு நட்டமில்லாமல் வருமானம் கூடினால், அந்தத் தொகையும் கூடும் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. 1875இல் தொகை ஒரு நபருக்கு ஆண்டுக்கு 4 டாலராக உயர்த்தப்பட்டது. சில்வர் ஐலெட் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அதன்பிறகு? அந்த 4 டாலர் உயரவே இல்லை. சுரங்கங்கள் வந்தன, மரம் வெட்டினார்கள், ரயில் வந்தது. தொகை மட்டும் அங்கேயே நின்றது.

இந்த விவகாரம் கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்த வாக்குறுதியை அரசுத் தரப்பு மதிக்கவே இல்லை என்று நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, ராபின்சன் சுப்பீரியர் மக்களோடு பேசி நியாயமான இழப்பீட்டை முடிவு செய்யச் சொன்னது. 1884இல் மூழ்கிய சுரங்கத்தின் காலத்துக் கணக்கு, 2024இலும் முடியாமல்தான் இருந்தது.

ஏன் மூடப்பட்டது?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது, நல்ல தாது தீர்ந்துகொண்டு வந்தது. 1883 வாக்கில் வளமான பகுதி பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது, வெள்ளி விலை. 1870களில் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது. அமெரிக்காவும் 1873இல் வெள்ளி டாலர் அச்சடிப்பதைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிச் சுரங்கங்களில் இருந்து வெள்ளி குவிந்துகொண்டிருந்தது. தேவை குறைவு, வரத்து அதிகம், விலை சரிவு. அப்போது வெள்ளி நாணயமாக இருந்த நம்ம ரூபாயின் மதிப்பும் இதே காரணத்தால்தான் சரிந்தது.

மூன்றாவதுதான் முடிவுரை எழுதிய காரணம்: நிலக்கரி.

சுரங்கத்தைச் சுற்றி ஏரி. பாறை விரிசல்கள் வழியே தண்ணீர் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். ஆழம் கூடக் கூடப் பம்பின் வேலையும் கூடும். பம்பை ஓட்டுவது நீராவி, நீராவிக்கு வேண்டியது நிலக்கரி. அங்கே நிலக்கரி கிடையாது, கப்பலில்தான் வர வேண்டும். டிசம்பர் வாக்கில் ஏரியில் கப்பல் போக்குவரத்து நின்றால், அடுத்த வசந்தம் வரை எதுவும் வராது. ஏரியின் வடகரை வழியாக ரயில் பாதை முழுமையானதே 1885இல்தான்.

1883 கடைசியில், குளிர்காலம் முழுமைக்கும் வர வேண்டிய நிலக்கரிக் கப்பல் வந்து சேரவில்லை. வழியில் பனியில் சிக்கியது என்று சொல்லப்படுகிறது. இருந்த கையிருப்பை வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்? 1884 தொடக்கத்தில் பம்புகள் நின்றன. 384 மீட்டர் ஆழமும் தண்ணீரால் நிறைந்தது.

பம்பு நின்றது ஒரு குளிர்காலத்துக்குத்தான். ஆனால் வசந்தத்தில் திரும்பவும் இறைத்துச் சுரங்கத்தைத் திறக்க வேண்டும் என்றால், கீழே அதற்கு ஈடான வெள்ளி இருக்க வேண்டும். அது இல்லை. இருந்திருந்தாலும் விலை இல்லை. வெள்ளி தீர்ந்து, விலையும் சரிந்து கிடந்த சுரங்கத்துக்கு, கப்பல் வராதது கடைசி அடி.

மொத்தம் எவ்வளவு கிடைத்தது?

16 ஆண்டுகளில் எடுத்த வெள்ளியின் மதிப்பு 32.5 லட்சம் டாலர். அந்தக் காலகட்டத்தில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 1.30 டாலரில் இருந்து 1.10 டாலர் வரை இறங்கியது. அதை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால் 80 முதல் 90 டன் வெள்ளி வருகிறது. 100 அடி தேறாத ஒரு பாறைக்குக் கீழே இருந்து வந்தது இவ்வளவும்.

நமக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கா?

இருக்கு. சில்வர் ஐலெட்டில் வேலை செய்தவர்களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர்களும் இருந்தார்கள். கடினப் பாறையில் ஆழமாகத் தோண்டுவதிலும், தண்ணீரை இறைப்பதிலும் பேர் போனவர்கள் இவர்கள். இதே கார்ன்வால் ஆட்கள்தான் 1880களில் கோலார் தங்க வயலுக்கும் வந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கீழே உயிரைக் கொடுத்து உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

கோலாருக்கு 1902இல் சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்தது. சில்வர் ஐலெட் மாதிரி கப்பலில் வரும் நிலக்கரியை நம்பியிருக்க வேண்டிய நிலை இல்லை. ஆனால் 2001இல் கோலார் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அங்கேயும் அதேதான் நடந்தது. இறைப்பது நின்றது, தண்ணீர் ஏறியது. எந்த ஆழ்சுரங்கத்துக்கும் இது பொருந்தும். தாது தீர்ந்தால் சுரங்கம் நலியும், பம்பு நின்றால் சுரங்கம் மூழ்கும்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

எதிர்க்கரையில் தொழிலாளர்கள் வாழ்ந்த மர வீடுகளில் பல இன்னும் நிற்கின்றன. கோடைக்காலத்தில் மக்கள் வந்து தங்கும் வீடுகளாக அவை மாறிவிட்டன. பக்கத்தில் இருப்பது ஸ்லீப்பிங் ஜெயன்ட் மாகாணப் பூங்கா.

திட்டின் மேல் இருந்த இன்ஜின் கொட்டகையும் விடுதிகளும் இப்போது இல்லை. ஃப்ரூ திரும்பத் திரும்பக் கட்டிய சுவர்களையும் அலைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டன. ஏரி அமைதியாக இருக்கும் நாளில் சிறு படகில் போனால், தெளிந்த தண்ணீருக்குக் கீழே பழைய மரக்கட்டைகளையும், இருட்டாகக் கீழே இறங்கும் சுரங்க வாயையும் பார்க்கலாம். அந்த வாய்க்குள் இப்போது நிறைந்திருப்பதும் ஏரித் தண்ணீர்தான்.